செத்த கேரக்டரை எழுப்பினால் என்னென்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேரை உட்கார வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) நடத்துகிறேன். பகடை உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடும் மேஜை விளையாட்டு அது. மேஜையில் ஒரு கேரக்டர் செத்துப்போனால் அன்று இரவே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சொந்தமாக ஆட்டம் தொடங்கியிருக்கும் நண்பர்களும் அதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பதில்கள் இவை.

வேறு விளையாட்டு, வேறு பதிப்பு என்று நான் சொல்லாத இடங்களில் எல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை நடத்துபவரை மாஸ்டர் என்று குறிப்பிடுகிறேன்.

ஹிட் பாயிண்ட் பூஜ்யம் ஆயிடுச்சு. என் கேரக்டர் செத்துட்டானா?

இல்லை, விழுந்திருக்கிறான், அவ்வளவுதான். ஹிட் பாயிண்ட் என்பது உயிர்பலத்தின் கணக்கு. உங்கள் முறை வரும்போதெல்லாம் டி20 (இருபது முகப் பகடை) உருட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் தங்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் போய்விடும். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயிண்டோடு கண்ணைத் திறந்துவிடுவான்.

இந்த நிலையில் இருப்பவனுக்குச் சாதாரணக் குணப்படுத்தும் மந்திரமே போதும். பக்கவிளைவு எதுவும் கிடையாது. பதற்றத்தில், செத்தவரை எழுப்பும் மந்திரத்துக்கான வைரத்தை வெளியே எடுத்துவிடாதீர்கள்.

உயிர் போயே போச்சுன்னா, திரும்பக் கொண்டுவர என்னென்ன ஸ்பெல் இருக்கு?

முக்கியமானவை ஐந்து. செத்து ஒரு நிமிடத்துக்குள் என்றால் ரிவிவிஃபை. மூன்றாம் நிலை மந்திரம் (நிலை கூடக் கூட வலிமையும் கூடும்), 300 தங்கக் காசு மதிப்புள்ள வைரங்கள் வேண்டும். பத்து நாளுக்குள் என்றால் ரெய்ஸ் டெட். ஐந்தாம் நிலை, 500 காசு வைரம். அதே பத்து நாளுக்குள் இயற்கை மந்திரவாதியான ட்ரூயிட் செய்யக்கூடியது ரீஇன்கார்னேட். அதற்கு வைரம் வேண்டாம், 1,000 காசு பெறுமான அரிய தைலங்கள் வேண்டும். நூறு ஆண்டு வரை ரெசரக்ஷன். ஏழாம் நிலை, 1,000 காசு வைரம். இருநூறு ஆண்டு வரை ட்ரூ ரெசரக்ஷன். ஒன்பதாம் நிலை, 25,000 காசுக்கு வைரங்கள்.

ரிவிவிஃபைக்கு ஒரு ஆக்ஷன் (தன் முறையில் செய்யும் ஒரு செயல்) போதும் என்பதால் சண்டைக்கு நடுவிலேயே செய்யலாம். மற்ற எல்லாவற்றுக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார வேண்டும். குகைக்குள் எதிரிகள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடு. முதுமையால் இறந்தவரை எழுப்ப ரிவிவிஃபையையோ இரண்டு ரெசரக்ஷன்களையோ நம்பாதீர்கள். அந்த மூன்றும் அகாலச் சாவுக்கு மட்டும்தான்.

வைரமே வேணுமா? 500 காசை அப்படியே குடுத்தா ஆகாதா?

ஆகாது. மந்திரம் முடியும்போது வைரம் கரைந்துபோகும். ரெய்ஸ் டெட்டுக்கும் ரெசரக்ஷனுக்கும் ஒரே கல்லாக வேண்டும். நூறு காசுக் கல் ஐந்தைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. ரிவிவிஃபைக்கும் ட்ரூ ரெசரக்ஷனுக்கும் மட்டும் பல கற்களைச் சேர்க்கலாம்.

கையில் காசு புரளத் தொடங்கியதும் ரிவிவிஃபைக்கான கற்களை வாங்கி வைத்துவிடுங்கள் என்று எல்லாப் பார்ட்டிக்கும் (சேர்ந்து ஆடும் குழுவுக்கும்) சொல்லுவேன். ஆள் விழுந்த பிறகு நகைக்கடை தேடி ஓட ஒரு நிமிடம் போதாது.

திரும்பி வந்தவனுக்கு என்ன பக்கவிளைவு?

ரெய்ஸ் டெட்டிலோ ரெசரக்ஷனிலோ வந்தால், தாக்குதல், சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பும் உருட்டல்), திறன் சோதனை என எல்லா உருட்டலிலும் 4 குறையும். ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்கும் (இரவு முழுக்க எடுக்கும் ஓய்வு) ஒன்று திரும்பும். லாங் ரெஸ்ட் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் என்பதால், முழுதாகத் தேற நான்கு இரவுகள் ஆகும். டி20இல் ஒரு எண் என்பது ஐந்து சதவீதம். 11 வந்தால் போதும் என்றிருந்தவனுக்கு 50 சதவீத வாய்ப்பு இருந்தது. இப்போது அது 30.

ரெய்ஸ் டெட்டில் வருபவன் ஒரே ஒரு ஹிட் பாயிண்டோடு வருவான். விஷமும் சாதாரண நோயும் நீங்கியிருக்கும். சாபமும் மந்திர நோயும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை முதலில் நீக்காமல் எழுப்பினால் அதே காரணத்தால் மறுபடி சாக நேரலாம். போன கையும் முளைக்காது. ரெசரக்ஷனில் உடல் முழுதாகச் சரியாகி ஹிட் பாயிண்டும் நிரம்பும், ஆனால் அந்த 4 குறைவு இருக்கும். ரிவிவிஃபைக்கும் ட்ரூ ரெசரக்ஷனுக்கும் அந்தக் குறைவு கிடையாது.

பழைய பதிப்புல இதைவிடக் கொடுமையா இருந்துச்சாமே?

ஆமாம். 1978இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டியின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், எழுப்பினாலும் உயிர் பிழைப்பது உறுதியில்லை. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதியின் எண்) 10 உள்ளவருக்கு 75 சதவீத வாய்ப்பு, 18 இருந்தால்தான் நூறு. ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த கான்ஸ்டிடியூஷனில் ஒன்று நிரந்தரமாகக் குறையும். முதலில் எவ்வளவு இருந்ததோ அத்தனை முறைதான் வாழ்நாளில் மொத்தமும். எல்ஃப் இனத்தாரை ரெய்ஸ் டெட்டால் எழுப்பவே முடியாது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒரு லெவலை, அதாவது கேரக்டர் எட்டிய ஒரு வளர்ச்சிப் படியை, பிடுங்கிக்கொண்டது. 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற வேறு விளையாட்டில் ரெய்ஸ் டெட்டுக்கு இரண்டு நிரந்தர நெகட்டிவ் லெவல் (பலத்தைக் குறைக்கும் சுமை). ரெஸ்டோரேஷன் மந்திரத்துக்கு 1,000 காசு வைரத்தூள் செலவழித்து ஒன்றை நீக்கினால், அடுத்ததை நீக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். 2008இன் நான்காம் பதிப்பு நேர் எதிர்: 1 மட்டும் குறையும், மூன்று மைல்கல் தாண்டினால் அதுவும் போய்விடும்.

கடுமையாக இருந்தால்தான் சாவுக்கு மதிப்பு என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லெவல் போனவன் மற்றவர்களைவிடப் பலவீனமாகி, அடுத்த சண்டையில் முதலில் விழுவான், மறுபடியும் லெவல் இழப்பான். கான்ஸ்டிடியூஷன் குறைந்தவனுக்கும் அதே கதிதான். ஒரு சாவு அடுத்த சாவைக் கூட்டி வருகிறது. கதைக்கு அதனால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. பிளேயருக்கு மட்டும் வாராவாரம் ஒரு குட்டு.

ரீஇன்கார்னேட் போட்டா வேற உடம்பு வருமாமே. அப்ப நான் நானா இருப்பேனா?

நினைவும் அனுபவமும் அப்படியே இருக்கும். கற்ற வித்தையும் போகாது. இனம் மட்டும் மாறும், அதோடு அந்த இனத்துக்குரிய தன்மைகளும். மாஸ்டர் டி100 உருட்டி அட்டவணையைப் பார்ப்பார், அல்லது தானே தேர்வு செய்வார். 77 முதல் 96 வரை வந்தால் மனிதன். டிராகன் உருவ இனமான டிராகன்போர்ன் ஆக 4 சதவீத வாய்ப்புதான். கூடுவிட்டுக் கூடு பாய்கிற சித்தருக்குப் புகும் உடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும். இங்கே அது பகடையின் கையில்.

எழுப்பும் மந்திரங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். எங்கள் மேஜையில் ஒரு ட்வார்ஃப் (மலைவாழ் குள்ளர் இன) போர்வீரன் ஹாஃப்லிங்காகத் திரும்பி வந்தான். ஹாஃப்லிங் சிறிய உடல், அதனால் கனரக ஆயுதங்களை எடுத்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததையே எடுக்க வேண்டும். அவன் பெருங்கோடரி ஒரே நாளில் சுமையாகிவிட்டது. இருட்டில் அறுபது அடி பார்த்த கண்ணும் போனது. இதெல்லாம் தாளில் எழுதிய மாற்றங்கள். மூன்று செஷன் கழித்து அவன் தன் குலத்தின் மலைக்கோட்டை வாசலில் போய் நின்றான். காவலன் பெயர் கேட்டான், சொன்னான். "அந்தப் பெயருக்குரியவன் இறந்துவிட்டான், சின்னவனே, வழியைப் பார்த்துப் போ" என்றான் காவலன். அந்தப் பிளேயர் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அந்தக் குலத்தில் குழந்தைகளுக்குப் பாடும் தாலாட்டு ஒன்றை, அங்கேயே இட்டுக்கட்டி, மெதுவாகச் சொன்னார். கதவு திறந்தது. எந்த அட்டவணையும் அதை எங்களுக்குத் தந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. தன் கேரக்டரின் உருவத்தை ரொம்ப ஆசையாக வடித்த பிளேயருக்கு இது இழப்பாகவே இருக்கும். உருட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். வேண்டாம் என்றால் கிளெரிக் (தெய்வ மந்திரம் தெரிந்த பூசாரி) இருக்கும் ஊருக்குப் பயணம் வையுங்கள்.

மயிலாப்பூர் பூம்பாவை மாதிரி சாம்பல்லேர்ந்து எழுப்ப முடியுமா?

ட்ரூ ரெசரக்ஷனால் முடியும். உடலே இல்லாவிட்டாலும் இறந்தவரின் பெயரைச் சொன்னால் போதும், புது உடல் வரும். மற்றவற்றுக்கு உடல் வேண்டும், ரீஇன்கார்னேட்டுக்கு மட்டும் உடலின் ஒரு துண்டு போதும். தலை போன்ற உயிருக்கு இன்றியமையாத உறுப்பு இல்லையென்றால் ரெய்ஸ் டெட் தோற்கும். ரெசரக்ஷன் இழந்த உறுப்புகளை மீட்டுத்தரும் என்றாலும் எழுப்புபவர் தொட ஒரு உடல் வேண்டும். ஒரு விரல் எலும்பு உடலாகுமா என்பதை உங்கள் மாஸ்டர் முடிவு செய்ய வேண்டும். நான் ஆகும் என்றுதான் சொல்லுவேன். ஏழாம் நிலை மந்திரத்துக்கு அந்த அளவு தாராளம் தகும்.

செத்தவன் வரமாட்டேன்னு சொன்னா?

வரமாட்டான். விருப்பமில்லாத ஆன்மாவை இழுத்து வர முடியாது. யார் கூப்பிடுகிறார், அவர் எந்தப் போக்கு (நன்மையா தீமையா) உள்ளவர், எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார் என்பது ஆன்மாவுக்குத் தெரியும். எதிரி கிளெரிக் விசாரணைக்காக எழுப்பப் பார்த்தால் மறுத்துவிடலாம்.

இந்த விதியை நான் பிளேயருக்கான உரிமையாகப் பார்க்கிறேன். கேரக்டரின் கதை முடிந்துவிட்டது என்று ஒருவர் மனதில் பட்டிருக்கும். நண்பர்கள் கையில் வைரத்தோடு சுற்றி நிற்கும்போது வாயைத் திறந்து சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் சடங்கு தொடங்குமுன் தனியாக அழைத்துக் கேளுங்கள். ஒருமுறை ஒருவர் வேண்டாம் என்றார். ஆன்மா வாசல் வரை வந்து, கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் பேசிவிட்டுப் போனதாக ஆடினோம். அந்த இரவை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தப்பா எழுந்து வர்றது, பேய் புகுந்து வர்றது எல்லாம் விதியில இருக்கா?

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளில் இல்லை. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. அங்கே ரிசரக்ட் என்ற சடங்கு படுதோல்வி அடைந்தால் தீய ஆவி உடலில் புகலாம், பிணமே ஒருவகைப் பிசாசாக எழலாம். சாதாரண வெற்றியிலும் ஒரு வாரம் உடல் தளர்ந்திருக்கும். அதோடு மறுமையில் இருந்துவிட்டு வந்ததன் அடையாளமாக நிரந்தரமாக ஒன்று தங்கும்: குணத்தில் சிறு மாற்றம், தலைமுடியில் ஒரு வெள்ளைக் கீற்று, முன்பு இல்லாத ஒரு மச்சம். ஃபரஸ்மா என்ற சாவுத் தெய்வம் நேரம் வந்துவிட்டது என்று தீர்மானித்திருந்தால் அந்த விளையாட்டின் ரெய்ஸ் டெட் வேலை செய்யாது. வைரம் மட்டும் மிஞ்சும்.

டி அண்ட் டியிலும் சில சாகசத் தொகுப்புகள் இதைத் தொட்டிருக்கின்றன. 2016இன் கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராடில், பரோவியா நாட்டுக்குள் ஆன்மாக்களும் சிறைப்பட்டவை. செத்து 24 மணி நேரம் கழிந்து எழுந்தவர் அந்த உண்மையை உணர்ந்து மனம் பிறழ்வார். 2017இன் டூம் ஆஃப் அனைஹிலேஷனில் எழுப்புதலே நின்றுபோகும், முன்பு எழுப்பப்பட்டவர்கள் நாளுக்கு நாள் உருகிச் சாவார்கள். ஏற்கெனவே எழுந்த கேரக்டர் உங்கள் பார்ட்டியில் இருந்தால் இதைத் தொடங்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எழுப்புறவருக்கு ஒண்ணும் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. இறந்து ஓராண்டோ அதற்கு மேலோ ஆனவரை ரெசரக்ஷனால் எழுப்பினால் மட்டும், லாங் ரெஸ்ட் எடுக்கும்வரை எழுப்பியவரால் வேறு மந்திரம் போட முடியாது, உருட்டல் எல்லாம் இரண்டு டைஸில் குறைந்ததே. பழைய அட்வான்ஸ்டு டி அண்ட் டி விதியில் ரெசரக்ஷன் செய்த கிளெரிக்குக்கு மூன்று வயது கூடியது. அந்தப் பழைய விதிகளில் இது ஒன்றை மட்டும் இழந்ததற்கு வருந்துகிறேன். இன்னொருவர் உயிருக்காக உன் ஆயுளில் மூன்றாண்டு தருவாயா என்பது நல்ல கேள்வி.

எத்தனை தடவை வேணும்னாலும் எழுப்பலாம்னா, சாவுக்குப் பயமே போயிடுதே?

ஐந்தாம் பதிப்பில் எண்ணிக்கை வரம்பு இல்லை. பயம் போவது உண்மைதான். டி அண்ட் டி ஆடுவதைக் காட்டும் கிரிட்டிகல் ரோல் நிகழ்ச்சியில் மாஸ்டராக இருந்த மேத்யூ மெர்சர் இதற்கு ஒரு வழி செய்தார். சடங்கில் கூட்டாளிகள் மூன்று பேர் வரை பங்கேற்பார்கள்: ஒருவர் பிரார்த்திப்பார், ஒருவர் பழைய நினைவைச் சொல்லுவார், ஒருவர் பொருள் ஒன்றைப் படைப்பார். ஒவ்வொருவரும் உருட்ட வேண்டும். கடைசியாக மாஸ்டர் ஒருமுறை உருட்டுவார். இலக்கு 10, முன்பு எத்தனை முறை எழுந்தாரோ அத்தனை கூடும். கூட்டாளியின் வெற்றி அதில் 3 குறைக்கும், தோல்வி 1 கூட்டும். நாங்கள் இரண்டு ஆண்டாக இதைப் பயன்படுத்துகிறோம். வைரம் கரைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிளேயர்கள் இப்போது அந்த இறந்தவனைப் பற்றிப் பேசுகிறார்கள்.

டன்ஜன் வேர்ல்ட் என்ற விளையாட்டில் சாகும் தறுவாயில் இரண்டு டி6 உருட்டுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் தப்பித்தார், 7 முதல் 9 என்றால் மரணமே நேரில் வந்து பேரம் பேசும். அந்தப் பேரத்தை மட்டும் எடுத்து டி அண்ட் டியில் சேர்த்தாலும் நன்றாகப் பொருந்துகிறது.

நாங்களே சொந்தமா பக்கவிளைவு வெச்சுக்கலாமா?

தாராளமாக. முதல் செஷனிலேயே எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிடுங்கள். செத்த பிறகு கண்டுபிடித்த விதி அநியாயமாகத்தான் படும். பலத்தைக் குறைக்கும் விளைவு என்றால் அது தீரும் வழியும் இருக்கட்டும், மேலே சொன்ன நான்கு இரவு மாதிரி. உறவையும் நினைவையும் தொடும் விளைவு என்றால் நிரந்தரமாக இருக்கலாம். அதைப் பிளேயரே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் மேஜையில் ஒருத்திக்கு உணவின் ருசி தெரிவதில்லை. இன்னொருவனைக் கண்டால் நாய்கள் குரைப்பதை நிறுத்திவிடும்.

கடனும் ஒரு பக்கவிளைவுதான். பூம்பாவை கதையைப் பெரியபுராணம் சொல்லும் விதத்தைப் பாருங்கள். மகளைச் சம்பந்தருக்கு மணமுடிக்க எண்ணியிருந்தார் சிவநேசர். சம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பிய பிறகு மணக்க மறுத்துவிட்டார். உயிர் மீட்டுத் தந்ததால் அவள் மகள் முறை ஆகிவிட்டாள். எழுந்தவளுக்குக் குறை ஒன்றும் இல்லை, உறவு மட்டும் முற்றிலும் மாறிவிட்டது. உங்கள் கிளெரிக் யாரையாவது எழுப்பினால் அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் என்ன முறை வைத்துக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு ஸ்பெல் இருக்கே, கொலையான ராஜாவை ஏன் யாரும் எழுப்பல?

ரெய்ஸ் டெட் போட ஒன்பதாம் லெவல் கிளெரிக் வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். கொலையாளி விவரம் தெரிந்தவன் என்றால் தலையைக் கொண்டுபோயிருப்பான். அப்போது ரெசரக்ஷனுக்காகப் பதின்மூன்றாம் லெவல் கிளெரிக்கைத் தேட வேண்டும். ராஜாவே வர மறுத்திருக்கலாம்.

இதைவிடச் சுவையான காரணம் வாரிசு. ஒன்பதாம் நாள் இளவரசன் முடிசூடிவிட்டான், பத்தாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்தால் யார் ராஜா? அரசி விதவையா, இல்லையா? அவர் எழுதிய உயில் செல்லுமா? இதற்கு உங்கள் நாட்டில் ஒரு சட்டம் வைத்தால், வைரத்தை ஒளித்துவைக்கும் அமைச்சர் தானாகவே கிடைத்துவிடுவார்.

பத்து நாள் நெருங்குது, வைரம் இன்னும் கிடைக்கல. என்ன பண்றது?

ஜென்டில் ரிபோஸ். இரண்டாம் நிலை மந்திரம், சடங்காகச் செய்தால் ஸ்லாட்டும் (ஒரு நாளில் மந்திரம் போட உள்ள ஒதுக்கீடு) செலவாகாது. ஒரு சிட்டிகை உப்பும், பிணத்தின் இரு கண்களிலும் ஒவ்வொரு செப்புக் காசும் வேண்டும். நம் ஊரில் இறந்தவர் நெற்றியில் காசு ஒட்டுவதைப் பார்த்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பத்து நாள் உடல் கெடாது, அந்த நாட்கள் எழுப்பும் கெடுவில் சேராது. முடியுமுன் மறுபடி போடலாம். காசு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்த ஒரு நிமிடத்துக்குள் இதைப் போட்டால் ரிவிவிஃபையின் ஒரு நிமிடமும் நிற்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். மந்திரத்தில் நாட்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் நோக்கம் கெடுவை நிறுத்துவதுதான். நான் அனுமதிக்கிறேன். ஒரு ஸ்லாட்டையும் சண்டையில் ஒரு முறையையும் அதற்காகக் கொடுத்திருக்கிறார்களே. சடங்காகச் செய்தால் பத்து நிமிடம் கூடுதலாகும், அதற்குள் கெடு போய்விடும்.

அதுவரைக்கும் செத்தவரோட பிளேயர் சும்மா உக்காந்திருக்கணுமா?

கூடவே கூடாது. விதிப்புத்தகத்தில் எழுதாத பக்கவிளைவு இது, எல்லாவற்றிலும் மோசமானதும் இதுதான். இரண்டு செஷன் வேடிக்கை பார்த்தவர் மூன்றாவதுக்கு வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். வைரம் தேடிப் போகும் வழியில் சேரும் ஒரு வழிகாட்டியையோ, கோவில் தரும் ஒரு காவலரையோ அவர் கையில் கொடுங்கள். லெவல் மற்றவர்களுக்குச் சமமாக இருக்கட்டும்.

எழுப்பும் சடங்கு நடக்கும் இரவில் மட்டும் அவர் தன் பழைய கேரக்டரின் ஆன்மாவாக உட்காரட்டும். மறுமையில் என்ன பார்த்தான் என்பதை மாஸ்டர் சொல்லாமல் அவரே சொல்லட்டும். கிளெரிக் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு, பதில் வரும்வரை யாரும் பேசாதீர்கள்.